வன்னியில் இருந்து மருத்துவ ஆய்வு செய்ய இலவசத் தளங்கள் போதுமா?

இரணைமடு:
"கிளிநொச்சியில் இருந்துகொண்டு பாம்புக்கடி ஆய்வு செய்ய ஏலாது, கொழும்பு நூலகம் வேண்டும்" என்று போன கிழமை இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் அதை ஏற்கவில்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் 1997 இல் இருந்து எல்லோருக்கும் இலவசம். மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. முழுக் கட்டுரை வேண்டுமென்றால் 2000 இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல். நம் நாட்டு இதழ்களுக்குத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரு மடிக்கணினியும் டேட்டாவும் இருந்தால் தொடங்கலாம்.

தண்ணிமுறிப்பு:
தொடங்கலாம் தம்பி, முடிக்க ஏலாது. நான் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். மாணவர்கள் கொண்டுவரும் கட்டுரைப் பட்டியலைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் சுருக்கம் மட்டும்தான் வாசித்திருப்பார்கள், ஏனென்றால் மீதி காசு கட்டினால்தான் திறக்கும். எந்த நோயாளிகள், எந்த மருந்து, எத்தனை மணித்தியாலம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்பதெல்லாம் உள்ளே அட்டவணையில்தான் இருக்கும்.

பாம்புக்கடியில் இது விளையாட்டில்லை. நாங்கள் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியன் இந்தியாவிலும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. ஆனால் இரண்டின் நஞ்சும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நாம் பயன்படுத்தும் மருந்தோ இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு இந்தியாவில் செய்தது. சுருக்கத்தை நம்பி எழுதினால் இந்த வித்தியாசம் தப்பிப்போகும்.

இரணைமடு:
அதற்கும் வழி இருக்கிறது அக்கா. வசதி குறைந்த நாடுகளுக்குக் காசு கட்டும் மருத்துவ இதழ்களை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ திறந்துவிட உலக சுகாதார நிறுவனம் 2002 இல் தொடங்கிய ஹினாரி இருக்கிறது. கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆய்வாளரின் மின்னஞ்சல் இருக்கும். மரியாதையாக இரண்டு வரி எழுதினால் பலர் பிரதியை அனுப்பிவிடுவார்கள். எனக்கு இரண்டு பேர் அனுப்பினார்கள், ஒருவர் அடுத்த நாளே.

தண்ணிமுறிப்பு:
ஹினாரி தனி ஆளுக்குத் திறக்காது, நிறுவனம்தான் பதிய வேண்டும். கடவுச்சொல் நூலகரிடம் இருக்கும். கிராமத்து வைத்தியசாலையில் வேலை செய்யும் தாதிக்கு எந்த நூலகர்?

பாலைமரம்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு அகப்பட்டது. கிணற்றுத் தண்ணீரிலும் பெருகி மலேரியாவைப் பரப்பக்கூடிய இனம். எந்தத் தளத்தில் தேடி அதைக் கண்டார்கள்? நுளம்பைப் பிடித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள்தான் கண்டார்கள். நம் ஊர் நோய்களில் பாதி இன்னும் கிளினிக் கொப்பிகளில்தான் கிடக்கிறது. அதை யார் பப்மெட்டில் ஏற்றுவது?

இரணைமடு:
சரி, ஆனால் அந்த நுளம்பு புதுசு என்று எப்படி உறுதிப்படுத்துவது? மற்ற நாட்டுக்காரர் எழுதிய அடையாளக் குறிப்புகளோடு ஒப்பிட்டால்தானே முடியும்? கிளினிக் கொப்பியும் வேண்டும், தளமும் வேண்டும்.

தண்ணிமுறிப்பு:
அதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2020 மே 22 இல் லான்செட் மருத்துவ இதழில், கொவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வந்தது. தரவை யாராலும் சரிபார்க்க முடியாததால் ஜூன் 4 இல் திரும்பப் பெற்றார்கள். பப்மெட்டில் போய்ப் பார்த்தால் திரும்பப் பெறப்பட்டது என்று தெளிவாகப் போட்டிருக்கும். ஆனால் அந்த இரண்டு கிழமைக்குள் கைபேசியில் இறக்கி வாட்ஸப்பில் அனுப்பிய பிரதியில் அந்தக் குறிப்பு இருக்காது. மேற்கோள் காட்டும் நாளில் ஒவ்வொன்றையும் திரும்பத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் தம்பி, உங்கள் தேடலில் கண்ணாடி விரியனின் இப்போதைய அறிவியல் பெயரான டபோயாவை மட்டும் போட்டீர்களா? முந்திய காலத்தில் அதை வைப்பரா ரசெலி என்று எழுதினார்கள். அந்தப் பெயரிலும் ஒருமுறை தேடுங்கள்.

இரணைமடு:
போட்டுப் பார்த்தேன் அக்கா. கண்ணாடி விரியன் கடித்து இலங்கையில் கைகால் செயலிழந்து, தசையும் சிதைந்த நோயாளிகளைப் பற்றிய 1988 ஆம் ஆண்டுக் கட்டுரை வந்தது. இரண்டு மாதம் தேடியும் என் கண்ணில் படாதது. முழுக் கட்டுரைக்கு நாளைக்கு நூலகரைப் பிடிக்கிறேன். கொழும்புக்குப் பஸ் ஏறுவதாக இன்னும் இல்லை.