மறுமொழி: ரெமிஷன் – ‘நிவாரணம்’ வேண்டாம், ‘தணிவு’ என்று வைப்போம்

சிகிச்சைக்குப் பிறகு நோயின் அடையாளங்கள் குறைந்தோ மறைந்தோ இருக்கும் நிலையை ஆங்கிலத்தில் ‘ரெமிஷன்’ என்கிறார்கள். அகராதிக்கும் கிளினிக் துண்டுப்பிரசுரத்துக்கும் அதற்கு என்ன தமிழ்ச் சொல் போடுவது என்பதுதான் பேச்சு. டீச்சர் எழுதியிருந்தது:

> ‘நோய் நிவாரணம்’ என்றே எழுதிவிடலாமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே, டீச்சர். மலையகத்தில் நிவாரணம் என்றால் மண்சரிவுக்குப் பிறகு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வரும் அரிசி, பருப்பு. கிளினிக் துண்டுப்பிரசுரத்தில் ‘உங்களுக்கு முழு நிவாரணம் கிடைத்துள்ளது’ என்று போட்டால் சனம் கிராம சேவகரிடம் போய் நிற்கும். சேர் சொன்ன ‘அடக்கம்’ சரிவராது, ஏன் என்று மரண அறிவித்தல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

‘குணம்’ ஏன் கூடாது? உரோமக்கலக் குருதிப் புற்றுநோயையே, அதாவது ஹெயரி செல் லுக்கீமியாவையே எடுங்கள் (‘மயிர்க்கலம்’ என்று எழுதினால் பிள்ளைகள் சிரிக்கும்). அரிதான வகை, லுக்கீமியாக்களில் நூற்றுக்கு 2 அளவில்தான். கிளாட்ரிபின் மருந்தை 5 அல்லது 7 நாள், பெரும்பாலும் ஒரே சுற்றுதான் ஏற்றுகிறார்கள். முதல் சில வாரம் வெண்குழியம் இன்னும் விழும், காய்ச்சலும் வரலாம், அதைத் தாண்டினால் எஃப்.பீ.சீ. (முழு இரத்தக் கணக்கெடுப்பு) துண்டில் எண்கள் ஏறத் தொடங்கும்: ஹீமோகுளோபின் 11க்கு மேல், சிறுதட்டு (பிளேட்லெட்) 1 இலட்சத்துக்கு மேல், நியூட்ரோபில் என்ற வெண்குழிய வகை 1,500க்கு மேல், வீங்கியிருந்த மண்ணீரல் கைக்குத் தட்டுப்படாது, என்புமச்சையிலும் (எலும்பு மஜ்ஜையிலும்) அந்தப் புற்றுநோய்க் கலங்கள் தெரியாது. இத்தனையும் சேர்ந்தால்தான் முழு ரெமிஷன். பெரும்பாலானோருக்கு அது கிடைக்கிறது, பலருக்கு 10 வருடத்துக்கு மேலும் நிற்கிறது. ஆனால் நுணுக்கமான சோதனையில் மிச்சக் கலங்கள் அகப்படுவதுண்டு, வருடங்கள் கழித்து நோய் திரும்புவதும் உண்டு, திரும்பினாலும் அதே மருந்து அநேகமாக மறுபடி வேலை செய்கிறது. ‘குணமாகிவிட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரு நாள் பேர் (அன்றைய வேலைப் பதிவும் சம்பளமும்) போகுமே என்று கணக்குப் பார்க்கிற கொழுந்தெடுக்கும் அம்மா, அடுத்த கிளினிக்குக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்கோ மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ ஏன் பஸ் ஏறப் போகிறார்?

காய்ச்சல் தணிந்தது, வீக்கம் தணிந்தது என்று வீட்டில் சொல்கிறோம், திரும்பாது என்று யாரும் அதில் சத்தியம் செய்வதில்லை. அதனால்தான் தணிவு. அப்புறம் ஒட்டுவதும் எளிது: முழுத்தணிவு, பகுதித்தணிவு, பல வருடம் நிற்பதற்கு நீள்தணிவு. திரும்பி வருவதற்கு ‘மீள்வருகை’ போதும், ‘மறுகிளர்ச்சி’ எல்லாம் பத்திரிகைத் தலைப்பு மாதிரி இருக்கிறது.

> தணிவு என்றால் கொஞ்சம் குறைந்தது என்றுதானே படும்?

படும், சரி. அதனால் ‘முழு’, ‘பகுதி’ மாதிரி ஒரு முன்னொட்டு இல்லாமல் தனியாக எங்கும் போடக்கூடாது என்பேன். நீள்தணிவா, ‘நீடித்த முழுத்தணிவா’ என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. அகராதிக்கு முதலாவது, துண்டுப்பிரசுரத்துக்கு இரண்டாவது.