புதுப்பிப்பு: மன்னார்குடி நண்பரின் வாரண்ட் காலாவதி விவகாரம்

அமெரிக்கச் சந்தையில் வாங்கிய வாரண்டுகளை (ஒரு நிறுவனத்தின் பங்குகளைக் குறித்த விலையில், குறித்த தேதிக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமைப் பத்திரங்கள்) காலாவதிக்கு முன்பே பங்குகளாக மாற்றக் கேட்டும் தரகு நிறுவனம் மறுத்துவிட்டது என்று மன்னார்குடி நண்பர் ஒருவர் வருந்தியதை முன்பு எழுதியிருந்தேன். அதன் பிறகு, கும்பகோணத்தில் வழக்கறிஞர் ஒருவருடன் அமர்ந்து வாரண்ட் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தோம்.

ஒப்பந்தத்தில் உள்ள கெடு நியூயார்க் நேரப்படி மாலை 5 மணி. அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கையில் நமக்கு அது மறுநாள் அதிகாலை 2.30. தரகு நிறுவனமோ தன் உள்விதியைக் காட்டி, அதற்குச் சில நாள் முன்பே கோரிக்கைகளை வாங்குவதை நிறுத்திவிட்டது. ஆகவே, வாரண்டை வெளியிட்ட நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவதில் பயனில்லை என்றும், அந்த முன்கெடு உரிய முறையில் அறிவிக்கப்பட்டதா என்பதே வாதமாக நிற்கும் என்றும் வழக்கறிஞர் கூறினார். அறிவிப்பு, குறுவை நாற்றங்கால் வேலை மும்முரமாக இருந்த வாரத்தில், விளம்பர அஞ்சல்களுக்கு நடுவே ஒரே வரியாக வந்திருக்கிறது. இதைப் போதுமான அறிவிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கேயும் விதி கடுமையானதுதான்: பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, முன்னுரிமை ஒதுக்கீட்டு (தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் நிறுவனம் தரும்) வாரண்டுகளை 18 மாதங்களுக்குள் மாற்றாவிட்டால் முன்பணமான 25 சதவீதம் பறிபோகும். நண்பரின் கணக்கு ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாய விதி இருப்பதால், நீதிமன்றத்தை விட்டுவிட்டு, இழப்பீடு கோரி அந்த வழியிலேயே அறிவிக்கை அனுப்பியிருக்கிறோம்.