ஜெயித்த பிறகு என்ன செய்தார்கள்? தகவல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தேர்தலில் வென்ற பால்புதுமையினரைப் (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றோரை) பற்றி ஓர் உரை தயாரிக்கிறேன். 1974இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரசபைக்கு வென்ற கேத்தி கொசாசென்கோ, 2000இல் மத்தியப் பிரதேசச் சட்டமன்றத்துக்குப் போன ஷப்னம் மௌசி, 2009இல் ஐஸ்லாந்துப் பிரதமரான யோஹன்னா என்று பெயர்கள் நிறையவே கிடைத்துவிட்டன. ஆனால் எங்கே தேடினாலும் 'முதல் ஆள்' என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அப்புறம்?

நியூசிலாந்தில் எம்.பி.யாக இருந்த ஜார்ஜினா பேயரின் (Georgina Beyer) கதைதான் முழுசாகக் கிடைத்தது. பாலியல் தொழில் குற்றமல்ல என்னும் மசோதாவுக்காக அந்தத் திருநங்கை 2003இல் சபையில் பேசினார். ஆதரவாக 60, எதிராக 59 வாக்குகள் என்ற கணக்கில் அது நிறைவேறியது.

இதுபோல அவைப் பேச்சுகள், சாலை, தண்ணீர் என்று செய்த வேலைகள் தெரிந்தால் சொல்லுங்கள். திருநம்பிகள் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்கள்) பற்றி என்னிடம் எதுவுமே இல்லை. தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது.