குடும்பக் குழு: 64 ஜிபியில் இரண்டு இயங்குதளமா?

நான்: சித்தப்பா, என்னுடையது மாணவர்களுக்கென்று வரும் மலிவு மடிக்கணினி. விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸும் போட முடியுமா? நிரலாக்க வகுப்புக்கு லினக்ஸ் வேண்டும். தேர்வு மென்பொருளோ விண்டோஸில்தான் ஓடும்.

சித்தப்பா: தாராளமாக முடியும். சேமிப்பகம் எவ்வளவு என்று முதலில் பார்த்துச் சொல். இப்போதைக்கு எதையும் தொடாதே.

நான்: ரேம் 4 ஜிபி. வட்டு 64 என்று பெட்டியில் போட்டிருக்கிறது, உள்ளே 58தான் காட்டுகிறது. காலி 15.

அத்தை: மீதி 6 எங்கே போயிற்று? ஏமாற்றிவிட்டார்களா?

சித்தப்பா: இல்லை அக்கா. விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. அதிலேயே 64 என்பது 59.6 ஆகிவிடும். மீட்புக்கென்று ஒதுக்கிய பகுதியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

சித்தப்பா: 15 போதாது. லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் குறைந்தது 20 ஜிபி கேட்கிறது. எப்படியோ இடம் பிடுங்கிக் கொடுத்தாலும், அடுத்த புதுப்பிப்பை இறக்க விண்டோஸுக்கு இடம் இருக்காது.

அப்பா: விண்டோஸை அழித்துவிட்டால்?

சித்தப்பா: வேண்டாம் அண்ணா, தேர்வு இருக்கிறதே. பாடத்துக்கு வேண்டியதை ஒன்றில் செய்யட்டும். இன்னொன்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கட்டும். கற்கிற வயதில் அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம். அதற்காகவே இரண்டும் வேண்டும் என்கிறேன்.

சித்தப்பா: இந்த இடப் பிரச்சினை பழையதுதான். ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் எக்ஸ்ஓ என்று ஒரு பச்சை வெள்ளைக் கணினி வந்தது. 256 எம்பி ரேம், 1 ஜிபி சேமிப்பகம். லினக்ஸும் அதன்மேல் ‘சுகர்’ என்ற முகப்பும் அதில் ஓடின. 2008இல் விண்டோஸ் எக்ஸ்பியையும் கொண்டுவந்தபோது உள்ளே இடமில்லை. 2 ஜிபி எஸ்டி அட்டையில்தான் வைத்தார்கள். நமக்கும் அதுவே வழி. உள்ளே இருப்பது அப்படியே இருக்கட்டும், புதியது வெளியில் வரட்டும்.

நான்: பென்டிரைவ் போதுமா?

சித்தப்பா: ருசி பார்க்கப் போதும். லினக்ஸை நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டு. வைஃபை, ஒலி, தொடுபலகை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார். தினமும் பயன்படுத்த யுஎஸ்பி எஸ்எஸ்டி, அதாவது வெளியே செருகும் வேகமான வட்டு வேண்டும். பென்டிரைவ் மெதுவாக இருக்கும், ஓயாமல் எழுதினால் சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

அத்தை: தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா அதில்? தமிழ்99 இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

சித்தப்பா: விசைப்பலகை அமைப்பில் ‘தமிழ்நெட் 99’ என்று இருக்கிறது அக்கா. சேர்த்தால் போதும்.

அப்பா: அப்படியென்றால் இன்று இரவே ஆரம்பிக்கலாமா?

சித்தப்பா: அவசரப்படாதீர்கள் அண்ணா. பல புதிய மடிக்கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். துவக்க அமைப்பை மாற்றினால் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். அது கையில் இல்லாவிட்டால் வட்டில் இருப்பது எதுவும் திரும்ப வராது. உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார், அம்மா.

நான்: இருக்கிறது! ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. படம் எடுத்து இங்கே போடட்டுமா?

சித்தப்பா: குழுவில் வேண்டவே வேண்டாம். நோட்டில் எழுதிவை.

அத்தை: எழுதியதும் என்னிடம் கொண்டு வா. நீ திரையைப் பார்த்துப் படி, நான் நோட்டைப் பார்த்துச் சரிபார்க்கிறேன்.

சித்தப்பா: விண்டோஸில் ‘வேகத் துவக்கம்’ என்பதையும் அணைத்துவிடு. அது இருந்தால் கணினியை அணைத்தாலும் வட்டு முழுதாக விடுபடாது. லினக்ஸிலிருந்து உன் கோப்புகளைப் படிக்கலாம், எழுத முடியாமல் போகும்.

நான்: அணைத்துவிட்டேன். எஸ்எஸ்டியில் நானே நிறுவலாமா?

சித்தப்பா: பென்டிரைவில் ஓட்டிப் பார்ப்பதை நீயே செய். நிறுவும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன். வெளி வட்டைத் தேர்ந்தெடுத்தாலும், சில நிறுவிகள் கணினியைத் துவக்கிவைக்கும் நிரலை உள் வட்டில் கொண்டுபோய் வைத்துவிடும். அந்தத் திரை வரும்போது ஒவ்வொரு வரியையும் சேர்ந்து படிப்போம். சனிக்கிழமை காலை வருகிறேன்.

நான்: சரி சித்தப்பா. அதற்குள் வைஃபை வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.