ஸ்பீக்கர் ஒயருக்கு முப்பத்தாறாயிரம் கொடுக்கலாமா: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

*வியாழன், இரவு 8.10*

கார்த்திக் (விளாங்குடி): அனைவருக்கும் வணக்கம். ஹாலில் இருக்கும் ஸ்டீரியோவுக்குப் புது ஸ்பீக்கர்கள் வாங்கிவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஒயர் பழைய செட்டோடு வந்த மெல்லிய ஒயர்தான். கடைக்காரர் வெள்ளி பூசிய ஒரு ஜோடி ஒயரைக் காட்டி, இதைப் போட்டால்தான் ஸ்பீக்கரின் உண்மையான குரல் வெளியே வரும் என்கிறார். விலை முப்பத்தாறாயிரம் ரூபாய். வாங்கலாமா, வேண்டாமா என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தினேஷ் (சென்னை): மச்சான், தயங்காமல் வாங்கு. நான் போன வருடம் இதே மாதிரி ஒயருக்கு மாறினேன். வீணையின் கமகம் முன்பைவிடத் துலக்கமாகக் கேட்கிறது, மிருதங்கத்தின் தொப்பி ஒலி இறுகியிருக்கிறது. காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

சுமதி அத்தை (திருநகர்): கார்த்திக், இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறு. முதலில் இரண்டு விவரம் சொல். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எத்தனை மீட்டர் தூரம்? ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறது?

கார்த்திக்: நான்கு மீட்டர், அத்தை. 8 ஓம் என்று போட்டிருக்கிறது.

சுமதி அத்தை: அப்படியானால் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மின்சாரம் போய்த் திரும்பி வரவேண்டும் என்பதால் நான்கு மீட்டர் ஒயர் என்பது எட்டு மீட்டர் செம்புக்குச் சமம். மின்கடையில் "இரண்டரை ஸ்கொயர்" என்று கேட்டால் தருகிறார்களே, அந்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.008 ஓம். எட்டு மீட்டருக்கு 0.064 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இந்தத் தடையை வைத்தால் ஒலி அளவில் குறைவது 0.07 டெசிபல் மட்டுமே, இசை கேட்கும்போது எந்தக் காதும் அதைப் பிடிக்காது. இப்போது நீ போட்டிருக்கும் மெல்லிய ஒயர் அரை ஸ்கொயராக இருந்தால் கதை வேறு. அங்கே தடை 0.31 ஓம், இழப்பு மூன்றில் ஒரு டெசிபல். ஸ்பீக்கரின் தடை எல்லா அதிர்வெண்ணிலும் எட்டாகவே இருப்பதில்லை. சில இடங்களில் அது நான்கு ஓம் வரை இறங்கும், அந்த இடங்களில் இழப்பு இரட்டிப்பாகும். அதனால் ஒலியின் சமநிலையே கொஞ்சம் கோணலாகும். ஆகவே ஒயரை மாற்றத்தான் வேண்டும், கடைக்காரர் அதுவரை சொன்னது சரி. ஆனால் மாற்றவேண்டியது தடிமனைத்தான். அதற்கு முப்பத்தாறாயிரம் தேவையில்லை.

தினேஷ்: அம்மா, மின்தடையோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஆக்சிஜன் நீக்கிய செம்பு, வெள்ளிப் பூச்சு, தோல் விளைவு, டேம்பிங் ஃபேக்டர் என்று எத்தனையோ இருக்கின்றன.

சுமதி அத்தை: இருக்கின்றன, தினேஷ். இவற்றில் எதுவும் கற்பனை இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. வீட்டு ஒயரில் இருக்கும் சாதாரணச் செம்பின் கடத்துதிறனை நூறு என்று கொண்டால், ஆக்சிஜன் நீக்கிய செம்பினுடையது நூற்றொன்று. முழுக்க வெள்ளியாலேயே செய்த கம்பி என்றாலும் தடை செம்பைவிட ஐந்தாறு சதவீதம்தான் குறையும். செம்பைக் கொஞ்சம் தடிமனாக வாங்கினால் அதே பலன் கிடைத்துவிடுகிறது. தோல் விளைவு என்பது அதிர்வெண் கூடக்கூட மின்சாரம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடுவது. வானொலி அதிர்வெண்களில் அது பெரிய விஷயம். காது கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்சாரம் ஊடுருவும் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உன் ஒயரின் 0.064 ஓம் அந்த உச்சியில் கால் பங்கு கூடினாலும் 0.08 ஓம்தான். அந்த உச்சி என் வயதுக்காரர்களுக்குக் கேட்பதே இல்லை.

டேம்பிங் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லித்தான் தடித்த ஒயரை அதிகம் விற்கிறார்கள். அடித்தொனியைத் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபர் அதிர்ந்து முடிந்ததும் அதைப் பிடித்து நிறுத்துவது ஆம்ப்ளிஃபயர், இடையில் ஒயரின் தடை குறைவாக இருந்தால்தான் அந்தப் பிடி இறுகும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி. ஆனால் அதே பாதையில் ஊஃபரின் சொந்தச் சுருள் இருக்கிறது. மயிரிழை போன்ற செம்புக் கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றிய சுருள் அது. எட்டு ஓம் ஸ்பீக்கரில் அதன் நேர்மின் தடை மட்டுமே ஆறு ஓம் அளவுக்கு இருக்கும். பெட்டிக்குள் அடித்தொனியையும் உச்சத்தொனியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரின் சுருள்களும் தங்கள் பங்குக்குத் தடை வைத்திருக்கின்றன. திருச்சியிலிருந்து நான்குவழிச் சாலையில் எவ்வளவு வேகமாக வந்தாலும் கடைசியில் மதுரை மாசி வீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் வண்டியை விட்டுத்தானே ஆகவேண்டும். ஆறு ஓம் சந்துக்கு முன்னால் இருக்கும் 0.064 ஓம் சாலையை 0.03 ஆக்குவதற்கு முப்பத்தாறாயிரம் கொடுப்பதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை.

செல்வராஜ் பெரியப்பா (உசிலம்பட்டி): சுமதி சொல்வதை நான் தொழிலிலேயே பார்த்திருக்கிறேன். நாங்கள் ரேடியோ செட் வைத்திருந்த காலத்தில் முளைப்பாரித் திருவிழாவுக்குக் கோயிலிலிருந்து கண்மாய்க் கரை வரைக்கும் கூம்புக் குழாய் கட்டவேண்டியிருக்கும். அத்தனை தூரத்துக்குத் தடித்த ஒயர் இழுக்க யாரால் முடியும்? மெல்லிய ஒயரில்தான் இழுப்போம். ஆனால் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் லைனில் எடுத்து, குழாய்க்குப் பக்கத்தில் லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டை இறக்கிக்கொள்வோம். நாற்பது வாட்டை எட்டு ஓம் குழாய்க்கு நேரடியாகக் கொடுத்தால் ஒயரில் இரண்டே கால் ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டில் கொடுத்தால் 0.4 ஆம்பியர்தான். ஒயரில் வீணாகும் சக்தி ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஊர் முழுக்கக் குரல் தெளிவாகக் கேட்டதற்கு அந்தக் கணக்குத்தான் காரணம். நாலு மீட்டர் ஹாலுக்கு அந்தக் கவலையே வேண்டியதில்லை.

தினேஷ்: மாமா, திருவிழாக் குழாயில் சொல் புரிந்தால் போதும். நான் சொல்வது வீணையின் நுணுக்கத்தை. மாற்றம் என் காதுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

சுமதி அத்தை: உனக்குத் தெரிந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கேட்கிறேன். பழைய ஒயரைக் கழற்றிப் புதிதைப் போட்டபோது பல வருட அழுக்கேறிய முனைகள் போய்ப் புது முனைகள் வந்தன. ஸ்பீக்கரை நகர்த்தி வைத்திருப்பாய். உட்கார்ந்து கவனித்துக் கேட்டிருப்பாய். ஒலி அளவு ஒரு மயிரிழை கூடினாலும் நம் காது அதை அதிக ஒலி என்று எடுத்துக்கொள்வதில்லை, நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும். 1983இல் ஸ்டீரியோ ரிவ்யூ என்ற அமெரிக்க இதழ், விலை உயர்ந்த தடித்த ஒயரையும் சாதாரண 16 கேஜ் ஒயரையும் மிக மெல்லிய 24 கேஜ் ஒயரையும் எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்துச் சோதித்தது. சோதனை இரைச்சலில் மெல்லிய ஒயர் தன்னைக் காட்டிக்கொடுத்தது. இசையில் தடித்த ஒயரையும் 16 கேஜையும் கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நம் வீட்டிலும் அதே மாதிரி கேட்டுப் பார்த்துவிடலாமே?

கார்த்திக்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஒயரை வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அத்தை.

தினேஷ்: நானும் ஞாயிறு காலை ஊருக்கு வந்துவிடுகிறேன். ஆனால் ஒயரைக் கழற்றி மாட்டுவதற்குள் கேட்டது மறந்துபோகும். அப்படிச் செய்யும் சோதனையை நான் ஏற்கமாட்டேன்.

செல்வராஜ் பெரியப்பா: மாப்பிள்ளை சொல்வது நியாயம்தான். நான் ஒரு ஸ்விட்ச் பெட்டி கொண்டுவருகிறேன். ஒரே தட்டலில் இரண்டு ஸ்பீக்கருக்கும் பிளஸ், மைனஸ் எல்லாம் ஒன்றாக மாறும். இரண்டு ஒயரையும் ஸ்பீக்கரில் நிரந்தரமாக மாட்டி வைத்துவிடலாம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். ஒப்பிட்டுப் பார்க்க 2.5 ஸ்கொயர் ஒயர் என் வீட்டிலேயே மிச்சம் கிடக்கிறது.

*ஞாயிறு, இரவு 9.25*

பிரியா (விளாங்குடி): இன்று வர முடியாதவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். ஸ்விட்ச் பெட்டியைப் போர்வைக்குப் பின்னால் வைத்து நான் உட்கார்ந்துகொண்டேன். காசைச் சுண்டி, பூ விழுந்தால் ஒரு ஒயர், தலை விழுந்தால் மற்றது. ஒலி அளவை யாரும் தொடவில்லை. தினேஷ் அண்ணனும் இவரும் ஆளுக்கொரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் என் தாளோடு ஒப்பிட்டபோது இருவருக்குமே சரியும் தவறும் பாதிக்குப் பாதியாகத்தான் இருந்தன. பிறகு பழைய மெல்லிய ஒயரை வைத்துப் பார்த்தோம். அதில் மட்டும் இருவருமே ஏதோ வேறுபாடு இருக்கிறது என்றார்கள்.

தினேஷ்: பிரியா எழுதியிருப்பது அப்படியே நடந்தது. எது எதுவென்று தெரிந்து கேட்டபோது எனக்கு வேறுபாடு கேட்டது, தெரியாமல் கேட்டபோது பிடிபடவில்லை. என் ஒயரை நான் வைத்துக்கொள்கிறேன், ஆனால் கார்த்திக்கை வாங்கச் சொல்ல இனி எனக்கு மனம் வராது. இன்று என்னை உண்மையிலேயே அசரவைத்தது வேறொன்று. சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா ஸ்பீக்கர்களை ஷோகேஸ் மூலையிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்களே, அந்த மாற்றத்தைக் கேட்க எந்தப் போர்வையும் தேவைப்படவில்லை.

சுமதி அத்தை: அந்த ஹாலில் மொசைக் தரை, மேலே கான்கிரீட், பக்கத்தில் கண்ணாடி ஷோகேஸ். ஒலி எங்கே பட்டாலும் திரும்பி வருகிறது. பதினான்கு அடி நீளம் என்பதால் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அறையே கூடச் சேர்ந்து முழங்கும். மூலையில் ஸ்பீக்கரை வைத்து, சோபாவையும் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்த முழக்கம் இரண்டு முனையிலும் உச்சத்தில் இருக்கும். இதனால் வரும் ஏற்ற இறக்கம் பத்து டெசிபலைக்கூடத் தாண்டும். நாம் இத்தனை நேரம் பேசிய ஒயரின் விஷயம் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கார்த்திக், ஸ்பீக்கர்களை இன்று வைத்த இடத்திலேயே விடு. சோபாவைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் இழு. தரையில் கனமான பவானி ஜமக்காளம் ஒன்றை விரி, ஷோகேஸுக்கு எதிர்ச்சுவரில் புத்தக அலமாரியை வை. மிச்சமாகும் பணம் உன்னிடமே இருக்கட்டும்.

பிரியா: சித்தி, ஜமக்காளம் என் அம்மா வீட்டுச் சீராக வந்தது பீரோவில் மடித்தபடியே இருக்கிறது. நாளைக்கே விரித்துவிடுகிறேன்.

கார்த்திக்: விலை உயர்ந்த ஒயரை நாளை காலை கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பெரியப்பாவின் ஒயர் துண்டுகள் நீளம் குறைவாக இருக்கின்றன, நான் புதிதாகத்தான் வாங்கவேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

செல்வராஜ் பெரியப்பா: இரண்டு கோர் உள்ள 2.5 ஸ்கொயர் ஃபிளெக்சிபிள் ஒயர் என்று கேள், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் மேல் உறையில் அச்சாகியிருக்கிறதா என்று பார். ஸ்பீக்கர் ஒயர் என்று பளபளப்பாகச் சுருட்டி வைத்திருப்பதில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. பார்க்கச் செம்பு நிறமாகவே இருக்கும், ஆனால் தடை அதே தடிமன் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். கடையிலேயே ஓர் இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டிப் பார்த்துவிடு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. சுருளைக் கையில் தூக்கினாலே எடை காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் மாட்டும்போது முனையில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உறையைச் சீவி, இழைகளை முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிராமல் திருகு. திருகும் முனையில் ஈயம் வைக்காதே. ஈயம் மெதுவாக நசுங்கிக் கொடுக்கும், கொஞ்ச நாளில் பிடி தளர்ந்துவிடும். திருகாமல் அப்படியே செருகும் பனானா பின் போட விருப்பமென்றால் போட்டுக்கொள், அது வசதிக்குத்தான். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்பதை இரண்டு பக்கமும் ஒருமுறைக்கு இருமுறை பார். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், அடித்தொனி காணாமல் போய்ப் பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது.

கார்த்திக்: ஆம்ப்ளிஃபயரை ஓரத்துக்கு நகர்த்தினால் ஒரு பக்கம் மூன்று மீட்டரும் மறுபக்கம் ஐந்து மீட்டரும் தேவைப்படும், பெரியப்பா. இரண்டும் ஒரே நீளமாக இருக்கவேண்டுமா?

சுமதி அத்தை: வேண்டியதில்லை. ஒயரில் மின்குறி ஒரு மீட்டரைக் கடக்க ஐந்து நானோ நொடி அளவுதான் ஆகும். இரண்டு மீட்டர் வேறுபாட்டால் எந்த ஒலியும் பிந்தி வராது. தடை வேறுபாடும் இந்தத் தடிமனில் பொருட்டில்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உபரி ஒயரைச் சுருட்டிப் போடாமல் தேவையான அளவுக்கு வெட்டிக்கொள், ஒவ்வொரு பக்கமும் ஓர் அரை மீட்டர் தாராளமாக விட்டால் போதும்.

கார்த்திக்: அப்படியானால் ஒன்பது மீட்டர் வாங்குகிறேன், அத்தை. நாளை மாலை வேலை முடிந்து டவுன்ஹால் ரோடு வழியாகத்தான் வருவேன், பிளேடைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.