ட்ரபிள்ஷூட்டிங்: ‘கோளாறு துலக்கல்’ என்னும் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு மேசைக்கணினியில் ஏற்படும் வன்பொருள் கோளாறுகளை, அதைப் பயன்படுத்துபவரே படிப்படியாக ஆராய்ந்து அறிவதற்கான கையேட்டில் ‘ட்ரபிள்ஷூட்டிங்’ என்பதற்கு எந்தச் சொல்லை ஆள்வது என்ற கேள்வி இன்னும் முடிவுறாமல் இருக்கிறது. சரிசெய்தல், பழுதுபார்த்தல், சிக்கல் தீர்த்தல், பழுதாய்வு ஆகிய நான்கு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கையும் வரைவுப் பத்திகளில் இட்டுப் பார்த்தேன். எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை என்று கருதுவதால் ‘கோளாறு துலக்கல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

முதல் மூன்று சொற்களும் வேலையின் முடிவைப் பெயராகக் கொண்டவை. நம் கையேட்டின் பெரும்பகுதியோ அந்த முடிவுக்கு முன்னால் நடப்பதைப் பற்றியது. பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழல்கின்றன, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். தனி வரைகலை அட்டை உள்ள கணினியில் திரையின் வடம் தவறுதலாகத் தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) செருகப்பட்டிருக்கலாம். தாய்ப்பலகைக்கான 24 முள் இணைப்பு சரியாக இருந்து, செயலிக்கென்று தனியே வரும் 4 அல்லது 8 முள் மின் இணைப்பு விடுபட்டிருக்கலாம். அப்போதும் விசிறிகள் சுழலவே செய்யும். ரேம் பட்டை ஒரு முனையில் மட்டும் அழுந்தியிருக்கலாம். டிடிஆர்5 என்னும் வகை ரேமைப் புதிதாகப் பொருத்தியிருந்தால், தாய்ப்பலகை அந்த ரேமுக்கேற்பத் தன் அமைப்புகளைச் சீராக்கிக்கொள்ளும் முதல் தொடக்கத்தில் சில நிமிடங்கள் வரை திரை இருண்டே இருக்கலாம். அங்கே செய்ய வேண்டியது காத்திருப்பது ஒன்றுதான். இத்தனை வாய்ப்புகளையும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருகிற வேலைக்குச் ‘சரிசெய்தல்’ என்று தலைப்பிட்டால், படிப்பவர் முதல் வரியிலேயே எதையாவது மாற்ற முற்படுவார். ரேமையும், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியாகிய மின்வழங்கியையும் ஒருசேர மாற்றியபின் கணினி ஓடத் தொடங்கினால், இரண்டில் எது கெட்டிருந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. பழைய ரேமையே ஒருமுறை கழற்றி அழுத்தி மாட்டியிருந்தால் போதுமானதாகவும் இருந்திருக்கலாம்.

ஆங்கிலச் சொல்லுக்குள் சரிசெய்வதும் அடங்கியிருக்கிறதே என்று நண்பர் ஒருவர் சுட்டியது உண்மைதான். தந்தி, தொலைபேசித் தடங்களில் கோளாறு நேர்ந்த இடத்தைத் தேடிச் சென்று நீக்கியவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய பெயர் அது. தேடுவதும் நீக்குவதும் அதில் சேர்ந்தே இருந்தன. ஆயினும் மேசைக்கணினியைப் பொறுத்தவரை, நீக்குவது என்பது பெரும்பாலும் ஓர் உறுப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவதோடு முடிந்துவிடுகிறது. எந்த உறுப்பு என்று அறிவதே நேரத்தையும் கவனத்தையும் கேட்கிறது. நீக்குவதற்குப் பழுதுபார்த்தல், பழுதுநீக்கல் என்று நிலைபெற்ற சொற்கள் தமிழில் உள்ளன. அறிவதற்குத்தான் சொல் இல்லை.

‘பழுதாய்வு’ இந்த நோக்கில் மிக அருகில் வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன்மேல் எனக்குள்ள தயக்கம் இரண்டு. ஆய்வு என்னும் சொல் இன்று ஆராய்ச்சியையும் அதிகாரிகளின் மேற்பார்வையையும் ஒருங்கே குறித்து வருவதால், ‘கணினியின் பழுதாய்வு’ என்றதும் சோதித்து அறிக்கை தரும் ஒரு செயலே மனத்தில் எழுகிறது. ஒரு விடையை நோக்கி நெருங்கிச் செல்லும் உணர்வு அதில் இல்லை. இரண்டாவது தயக்கம் ‘பழுது’ என்னும் முதற்பகுதியைப் பற்றியது. இதைத்தான் நாம் எல்லோரும் நின்று பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பயன்படுத்துபவருக்குத் தென்படுவது கோளாறு. உறுப்பில் உண்மையாகவே இருக்கும் கேடு பழுது. மென்பொருளில் நேரும் தவற்றுக்குப் பிழை என்பதே வழக்கு. பிழைச்செய்தி, பிழைதிருத்தம் எல்லாம் அதன்வழி வந்தவை. இந்த மூன்றையும் கலந்து எழுதினால் கையேடு குழம்பிப்போகும். செருகி தளர்ந்திருப்பதும், செயலியின் சூட்டை வாங்கி வெளியேற்றும் வெப்பக்கடத்தியின் இடுக்குகளில் தூசி அடைத்திருப்பதும் கோளாற்றை உண்டாக்கும். ஆனால் அங்கே பழுதான உறுப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக் கணினிகளில் இத்தகைய நிலைகள் மிகுதியாக நேர்வதால், தேடலைத் தொடங்கும்போதே ‘பழுது’ என்று பெயரிடுவது விடையை முன்கூட்டியே சொல்லிவிடுவதாகும். வன்தட்டுகள் தம் நிலையைத் தாமே பதிந்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவு இதற்கு நல்ல சான்று. கோப்புகளைப் படிக்கும்போது கணினி உறைந்து உறைந்து நிற்கிறது என்றால், அந்தப் பதிவில் 5ஆம் எண்ணுள்ள வரி, அதாவது கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை, நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று பார்க்கிறோம். ஏறினால் தட்டிலேயே பழுது; முதல் வேலையாகத் தரவைப் படியெடுத்துவிட வேண்டும். சாட்டா என்னும் வகை இணைப்புள்ள வன்தட்டுகளில் 199ஆம் எண்ணுள்ள வரி, தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான பரிமாற்றத்தில் நேர்ந்த பிழைகளைக் கணக்கிடுகிறது. அது மட்டும் ஏறினால் பெரும்பாலும் தரவு வடமோ அதன் செருகியோதான் காரணம். வடத்தை மாற்றியபின் பழைய எண்ணிக்கை குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நிற்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. கோளாறு ஒன்றாகவே இருக்க, ஓரிடத்தில் தட்டு பழுது, மற்றோரிடத்தில் தட்டு நலமாக இருக்கிறது. ஆகவே சொல்லின் முதற்பகுதி ‘கோளாறு’ என்றே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். துப்புத் துலக்குதல் என்பது நாம் அனைவரும் அறிந்த வழக்கு. சிறு தடயங்களைக் கொண்டு, நடந்தது இன்னது என்று தெளிவாக்குவதை அது குறிக்கிறது. மேசைக்கணினியின் முன் அமர்பவர் செய்வதும் அதுவே: பீப் ஒலி, தாய்ப்பலகையின் ஓரத்தில் எரியும் சிறுவிளக்கு, அணையும் நேரம், வெப்பநிலை என்று கிடைக்கும் தடயங்களைக் கொண்டு மறைந்திருப்பதை வெளிக்கொணர்தல். துலங்கு, துலக்கு என்று தன்வினையும் பிறவினையும் இணையாக அமைந்திருப்பது இன்னொரு வசதி. ‘ரேம் பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கோளாற்றைத் துலக்குக’ என்று ஏவலாகவும், ‘இரண்டாம் பட்டையை மாட்டியதும் காரணம் துலங்கியது’ என்று நிகழ்வாகவும் எழுத முடிகிறது. சரிசெய்தல், பழுதுபார்த்தல் ஆகிய சொற்களில் இந்த இரண்டாம் வடிவம் கிடைப்பதில்லை.

பாத்திரம் துலக்குவது நினைவுக்கு வருமே என்று மற்றொருவர் கேட்கக்கூடும். வரட்டும். படிந்திருப்பதை அகற்றி உள்ளதைத் தெரியச் செய்வதுதான் இரண்டு இடத்திலும் நடக்கிறது; பொருள் முரண்படவில்லை. ஒற்று மிகுமா என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். ‘துப்பு’ வன்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால் ‘துப்புத் துலக்கல்’ என்று மிகுகிறது. ‘கோளாறு’ அவ்வாறானதன்று, இரண்டாம் வேற்றுமைத் தொகையாகிய ‘பழுது பார்த்தல்’ போலவே ‘கோளாறு துலக்கல்’ என்று இயல்பாக எழுதினால் போதும்.

துலக்குவதையும் நீக்குவதையும் இரண்டு சொற்களாகப் பிரித்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் முதன்மையாகப் படுவது அதுவே. மின்வழங்கியை ஐயுறும் பக்கத்தை எழுதும்போது இதைத் தெளிவாக உணர்ந்தேன். மின்வழங்கியின் வெளிவரும் வடங்களில் 12 வோல்ட் தடம் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கிறதா, 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்கள் தத்தம் அளவிலிருந்து 5 விழுக்காட்டுக்குள் நிற்கின்றனவா என்று பன்மானியால் (மல்டிமீட்டரால்) அளப்பது கோளாறு துலக்கல். அதன் பெட்டியைத் திறப்பது நம் வாசகர் ஒருபோதும் செய்யக்கூடாதது. உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், செருகியை உருவியபின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். ‘மின்வழங்கியைச் சரிசெய்தல்’ என்ற தலைப்பைப் பார்த்து ஒருவர் திருப்புளியைக் கையில் எடுத்தால், அதற்கு அந்தத் தலைப்பும் பொறுப்பாகும். ‘மின்வழங்கிக் கோளாறு துலக்கல்’ என்ற தலைப்பின்கீழ், அளவு பிழைத்தால் மின்வழங்கியை முழுதாக மாற்றுக என்று ஒரே வரியில் நிறுத்திக்கொள்ளலாம்.

சொல்லைப் பத்திக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதால், தானாக அணைந்துபோகும் கணினியைப் பற்றிய வரைவிலிருந்து ஒரு பகுதியைத் தருகிறேன்:

“வேலை மிகும்போது கணினி திடீரென்று அணைந்தால், முதலில் செயலியின் வெப்பநிலையைக் கவனித்துக் கோளாற்றைத் துலக்கத் தொடங்குக. வெப்பநிலை விரைவாக ஏறி 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது அணைகிறது என்றால், குளிர்விப்பில்தான் காரணம் இருக்கிறது: விசிறி நின்றிருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம், வெப்பப் பசை உலர்ந்திருக்கலாம், வெப்பக்கடத்தியின் ஒரு மூலை பலகையிலிருந்து தளர்ந்திருக்கலாம். வெப்பநிலை இயல்பாக இருக்கும்போதே வரைகலை அட்டை கடுமையாக உழைக்கும் நேரத்தில் அணைகிறது என்றால், மின்வழங்கியின் பக்கம் செல்க. அணையாமல் உறைந்து நிற்பதும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைச்செய்தி காட்டுவதும் ரேமை ஐயுறத் தக்க அடையாளங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைக் கொண்டு சோதித்து, பிழை தென்பட்டால் பட்டைகளைத் தனித்தனியே மாட்டிச் சோதிக்க. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யாதிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் கைவைக்கும் முன் மின்வடத்தை உருவிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிக்கொள்க.”

இதில் ‘துலக்க’ இருந்த இடத்தில் ‘சரிசெய்ய’ என்று இட்டுப் படித்துப் பாருங்கள். வெப்பநிலையைக் கவனித்துச் சரிசெய்வது என்பது பொருளற்றுப் போகிறது.

இனி, கிளைச்சொற்கள். ‘துலக்கல்’ என்பதோடு முறை, படம் முதலியவற்றை நேரே புணர்த்தினால் துலக்கன்முறை, துலக்கற்படம் என்று வடிவம் மாறி, முதல்முறை படிப்பவரைத் தடுமாற வைக்கும். வினைத்தொகையாக்கித் துலக்குமுறை, துலக்குபடம் என்று கொண்டால் வேர் அப்படியே தெரியும். ‘ஆம்’ என்றால் இந்தப் பக்கம், ‘இல்லை’ என்றால் அந்தப் பக்கம் என்று அம்புக்குறிகளால் காட்டும் கட்டப்படத்துக்குத் துலக்குபடம் மிகவும் பொருந்தும். இயங்குதளத்தோடு வரும், தானே சோதித்துக் காரணம் சொல்லும் சிறு நிரல்களுக்குத் துலக்கி என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. மென்பொருள் மொழிபெயர்ப்பில் பட்டறிவுள்ளவர்கள் இதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் புதுச்சொல் தேவை என்று நான் கருதவில்லை. ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துவதை அப்படியே ‘கழற்றி மாட்டுதல்’ என்று எழுதினால் எவருக்கும் விளங்கும். ஐபிஎம் பிசி 1981இல் வந்தபோதே, மின்னிணைப்பு கிடைத்தவுடன் கணினி தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் நலம் என்றால் ஒருமுறை பீப் ஒலி எழுப்பியது. அந்தச் சோதனையைத் ‘தொடக்கத் தற்சோதனை’ என்றும், ஒலியை நாம் பேசுகிறபடியே பீப் ஒலி என்றும் எழுதலாம். எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸுக்குப் பயாஸ் மாறுபடுவதால், பட்டியல் எதையும் கையேட்டில் சேர்க்காமல், தாய்ப்பலகையுடன் வந்த குறிப்பேட்டைப் பார்க்கச் சொல்வதே நேர்மையானது.

‘கோளாறு’ என்னும் முதற்பகுதியில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள், மேலே உள்ள ஸ்மார்ட் பதிவின் இரண்டு வரிகளையும் தம் சொல்லைக் கொண்டு எழுதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டுகிறேன். இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படித்தபின், துலக்குபடங்களுக்குத் தலைப்பிடும் வேலையைத் தொடங்கலாம்.

அன்புடன்,
கையேட்டு வரைவுப் பணியிலிருக்கும் உறுப்பினர்