உரம் தூவும் வண்டி ஓட்டியபின் புல் பட்டை பட்டையாகத் தெரிகிறது, ஓரிடம் கருகியும் விட்டது. என்ன செய்யலாம்?

கானாடுகாத்தான் வளவு:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 4 சென்டில் கொரியன் புல் போட்டிருக்கிறோம். தை மாதம் அப்பச்சிக்குச் சாந்தி (வயது நிறைவு விழா). பந்தி முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் ஓடும். மாமா மலேசியாவிலிருந்து அனுப்பிய உரம் தூவும் வண்டியில் (தள்ளிக்கொண்டு போவது, அடியில் தட்டு சுழலும்) தோட்டக்காரர் யூரியா தூவினார். இப்போது புல் கரும்பச்சையும் வெளிர் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இருக்கிறது. கொல்லை வாசலை ஒட்டி முறம் அகலத்துக்கு ஓரிடம் வைக்கோல் நிறமாகக் கருகிவிட்டது. உரம் விழும் வாயை அடைக்கும் ஷட்டரை மூடினாலும் குருணை கசிகிறது. சமையலுக்குத் தண்ணீர் எடுக்கும் கிணறு புல்லை ஒட்டியே இருக்கிறது, அதுதான் பெரிய கவலை. பக்கத்து வீட்டு ஆடுகளும் அடிக்கடி உள்ளே வந்துவிடும்.

செம்மண் தோட்டம், பள்ளத்தூர்:
தம்பி, கருகிய இடத்தில் வைத்துத்தானே மூட்டையைப் பிரித்து வண்டியில் கொட்டினார்கள்?

கானாடுகாத்தான் வளவு:
ஆமாண்ணே, அங்கேதான். வண்டியை இரண்டு தடவை நிறுத்தி வைத்ததும் அங்கேதான்.

செம்மண் தோட்டம், பள்ளத்தூர்:
அப்படியானால் புல்லுக்கு நோய் எதுவும் இல்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). ஒரே இடத்தில் குவிந்தால் வேரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். அந்த இடத்தில் இன்றைக்கே தண்ணீரை நின்று பாயவிடுங்கள், நாளைக்கும் விடுங்கள். பிடித்து இழுத்தால் புல் வேரோடு வராமல் நின்றால் தழைத்துவிடும். வந்துவிட்டால் ஓரத்திலிருந்து மண்ணோடு ஒரு புல் கரணை வெட்டி வையுங்கள்.

கசிவுக்குக் காரணம் யூரியா ஈரத்தை இழுப்பதுதான். மார்கழிப் பனியில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலே கட்டி தட்டும். அந்தக் கட்டி ஷட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் முழுசாக மூடாது. தொட்டியைக் காலி செய்து, வண்டியைக் கவிழ்த்து, குச்சியால் சுரண்டி, கழுவிக் காயவைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வண்டி நகரும்போது தொட்டிக்குள் கை போகக்கூடாது. சக்கரம் சுற்றினால் உள்ளே கிளறும் கம்பியும் சுற்றும், விரல் போய்விடும்.

இனிமேல் புல்லின் மேல் வைத்து உரம் நிரப்பவே வேண்டாம். தார்ப்பாய் விரித்து, ஷட்டரை மூடிவிட்டு, அதன் மேல் வைத்து நிரப்புங்கள். நடக்க ஆரம்பித்த பிறகு திறக்க வேண்டும், நிற்பதற்கு முன்னால் மூட வேண்டும். திரும்பும் இடத்திலும் அப்படியே.

கோட்டையூர் ஆச்சி:
ஆட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. யூரியா ஆடு மாட்டுக்கு விஷம். வயிற்றுக்குள் போனதும் அம்மோனியாவாக மாறி, வயிறு உப்பி, நுரை தள்ளி, நடுக்கம் எடுக்கும். அப்படிக் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூட்டை வாய் திறந்து கிடக்கக்கூடாது, யூரியா கரைந்த வாளித் தண்ணீரும் ஆடு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. தூவி, தண்ணீர் விட்டு, புல் காயும்வரை பிள்ளைகளையும் விடாதீர்கள்.

வண்டி கழுவும் தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள் அப்பா. நம் ஊர்களில் மழைத்தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகிறது. புல்லின் மேலேயே கழுவிவிட்டால் அந்தச் சத்தும் புல்லுக்கே போகும்.

கானாடுகாத்தான் வளவு:
ரொம்ப நன்றி ஆச்சி. கிணற்றுக்கு என்ன செய்வது? அளவும் சொல்லுங்கள் அண்ணே.

செம்மண் தோட்டம், பள்ளத்தூர்:
கிணற்றைச் சுற்றி நாலைந்து பாக தூரத்துக்காவது (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) வண்டியே போக வேண்டாம். சுழல் தட்டு பக்கவாட்டிலும் வீசும் என்பதால் அந்தப் பக்கம் தொழு உரம் மட்டும் கையால் போடுங்கள். தழைச்சத்து மிச்சமானால் நைட்ரேட்டாகிக் கிணற்றில் இறங்கும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. நம் சரளை மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் கூடுதல் கவனம் வேண்டும். பெருமழை வரும் என்று தெரிந்தால் அன்றைக்குத் தூவ வேண்டாம். காற்றடிக்கும் நாளிலும் வேண்டாம்.

அளவு: சென்டுக்கு 200 கிராம் யூரியா போதும். உங்கள் நாலு சென்டுக்கு 800 கிராம், கிணற்றுப் பக்கத்தைக் கழித்தால் இன்னும் குறையும். அதைப் பாதியாகப் பிரித்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் ஓட்டுங்கள். பட்டை விழுந்ததற்குக் காரணம் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகமானதுதான். தார்ப்பாயில் கொஞ்ச தூரம் ஓட்டி, குருணை எவ்வளவு அகலம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் குறைவாகத்தான் விழும், அதனால் அடுத்த தடம் அதன்மேல் கொஞ்சம் ஏறி வர வேண்டும். ஷட்டர் கொஞ்சமாகத் திறந்தால் போதும். யூரியா மணி சின்னது, சரசரவென்று இறங்கிவிடும்.

காலையில் பனி காய்ந்த பிறகு தூவுங்கள். ஈர இலையில் மணி ஒட்டினால் அந்த இடம் கருகும். தூவிய கையோடு தண்ணீர் விடுங்கள். கையுறை, மூக்கில் துணி, காலில் செருப்புக்குப் பதில் ஷூ.

கோட்டையூர் ஆச்சி:
பூச்சிக்கொல்லிக் குருணையை அந்த வண்டியில் போடவே போடாதீர்கள். மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த தடவை உரத்தோடு சேர்ந்து விழும், பிள்ளைகள் விளையாடும் இடம்.

கானாடுகாத்தான் வளவு:
ஷட்டரில் கல் மாதிரிக் கட்டி இருந்தது, சுரண்டியதும் கசிவு நின்றுவிட்டது. மஞ்சள் பட்டையில் மட்டும் இப்போது கொஞ்சம் தூவலாமா?

செம்மண் தோட்டம், பள்ளத்தூர்:
வேண்டாம் தம்பி. சாந்திக்குள் எல்லாம் ஒரே பச்சையாக வேண்டும் என்று அவசரப்பட்டால் அதுவும் கருகும். தண்ணீர் மட்டும் விடுங்கள், அடுத்த தூவலை மாசிக்குத் தள்ளுங்கள். பார்வைக்கு வேண்டுமானால் சாந்திக்கு நாலு நாள் முன்னால் புல்லைச் சமமாக வெட்டிவிடுங்கள், பட்டை அவ்வளவாகத் தெரியாது.